முதல் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த மணல்?

க்ளவுன் மீனுக்கு ஆசைப்பட்டு முதல்முறையாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர் மணல் வாங்கப் போனால், கடையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அரகோனைட் வாங்குங்க சார், பிஎச் தானா நிக்கும்." பிஎச் என்பது நீரின் அமில, காரத் தன்மையின் அளவு. அது இறங்கினால் மணல் கரைந்து தூக்கி நிறுத்தும் என்பது கடைக்காரர் கணக்கு. பரிந்துரை சரி. சொல்கிற காரணம்தான் தப்பு.

அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளங்கள் தங்கள் கூட்டை இதை வைத்துத்தான் கட்டுகின்றன. வெப்பக் கடல்களின் வெள்ளை மணலில் பாதிக்கதை இப்படிப்பட்ட கூடுகள் உடைந்ததுதான். மாலத்தீவில் பவளப்பாறையைக் கடித்துத் தின்னும் கிளிமீன்கள் கழிவாக வெளியேற்றுவதே மணலில் பெரும் பங்கு. தேனிலவுப் படங்களில் யாரும் இதைச் சொல்வதில்லை.

தொட்டிக்காரர்களிடையே பேர்போன பஹாமாஸ் மணல் மட்டும் வேறு வகை. உருப்பெருக்கியில் பார்த்தால் வழவழப்பான உருண்டை மணிகள் தெரியும். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு சிப்பித் துணுக்கோ வேறு ஏதாவது துகளோ இருக்கும். ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் அலையோடு அது உருளும்போது, நீரில் கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட் அதன்மேல் அடுக்கடுக்காகப் படிகிறது. சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு வளருமே, அதே வேலைதான். கரைக்கும் அளவைத் தாண்டிய சரக்கு நீரில் இருக்கிறது. ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் அது வெளியே வந்துவிடுகிறது.

வெப்பக் கடலின் மேல்மட்ட நீரில், சமநிலைக்குத் தேவையானதைப்போல மூன்று நான்கு மடங்கு அரகோனைட் சரக்கு உண்டு. நீங்கள் உப்புக் கலந்து தயாரிக்கும் தொட்டி நீரும் ஏறத்தாழ அப்படித்தான். மணியை வளர்க்கிற நீர் அதே மணியைக் கரைக்குமா? கரைக்காது. வழக்கமான உப்பும் காரத்தன்மையும் உள்ள நீரில் பிஎச் சுமார் 7.7க்குக் கீழே போனால்தான் அரகோனைட் கரையத் தொடங்கும். தொட்டியில் நாம் வைத்திருக்க நினைப்பதோ 8.1 முதல் 8.3 வரை. ஆக, 8.2லிருந்து 7.9க்கு இறங்கும்போது மணல் சும்மா கிடக்கும். பவளம் வளர்ப்பவர்கள் 'கால்சியம் ரியாக்டர்' என்று ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதில் கார்பன் டைஆக்சைடு செலுத்தி பிஎச்சை 6.5 அளவுக்கு இறக்கி, இதே அரகோனைட்டைக் கரைத்து எடுப்பார்கள். மணல் தானாகக் கரைந்தால் இந்தச் செலவு எதற்கு? மணல் அடுக்குக்கு உள்ளே, பாக்டீரியா மூச்சுவிடுவதால் பிஎச் குறைந்த இடங்களில் கொஞ்சம் கரையும். அதை நம்பி பிஎச்சை விட்டுவிட முடியாது. பிஎச்சைப் பார்த்துக்கொள்வது நீர் மாற்றுவதும் அறைக்குள் நல்ல காற்றோட்டமும்தான்.

அப்புறம் மணலைத் தேர்வதில் முக்கியம் எது? மணியின் அளவு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பரப்பில் ஒட்டி வாழ்பவை. மணி சிறுத்தால் மொத்தப் பரப்பு கூடும். அதற்காக மாவுபோல வாங்கினால் வேவ்மேக்கர் (நீரில் அலை எழுப்பும் மோட்டார்) போட்ட உடனே மணல் எழுந்து, ஒரு மூலையில் குவியலும் மறு மூலையில் வெறும் கண்ணாடியுமாக நிற்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் பருமனில் வாங்கினாலோ, மிஞ்சிய தீனியும் கழிவும் இடுக்குகளில் இறங்கி அங்கேயே அழுகும். முதல் தொட்டிக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டிய மணிதான் என் தேர்வு.

ஆழம் 3 சென்டிமீட்டர் போதும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் உள்ள தொட்டிக்கு இது 5.4 லிட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ 8 கிலோ. பத்து சென்டிமீட்டருக்கு மேல் நிரப்பும் முறையும் உண்டு. அடியில் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பும் என்பது அதன் கணக்கு. கணக்கு உண்மைதான். ஆனால் அந்த அடுக்கைப் புழுக்களும் சிற்றுயிர்களும் மெல்லக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் கெட்டிப்பட்டு, அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும். புதியவருக்கு இந்த வம்பு வேண்டாம்.

யாரை வளர்க்கப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். வாயில் மணலை அள்ளிச் செவுள் வழியே சலித்து இரை தேடும் கோபி மீன்களுக்குக் கூர்முனை உள்ள மணல் ஆகாது. இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் மீன்களுக்கும் மென்மணல்தான் வேண்டும், ஆழமும் சற்றுக் கூட வேண்டும். க்ளவுன் மீன் மட்டும் என்றால் அதற்கு எதுவும் ஒன்றுதான்.

சென்னையில் இருந்துகொண்டு மணலைக் காசு கொடுத்து வாங்குவதா என்று தோன்றலாம். மெரினா மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்காப் படிகம். அதோடு நகரத்தின் எண்ணெயும் அழுக்கும் இலவசம். கன்னியாகுமரிப் பக்கத்து மணலில் இல்மனைட், கார்னெட் என்னும் கனிமங்களோடு, கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும். இல்மனைட் போன்ற கறுப்புத் துகள்களில் காந்தத்துக்கு ஒட்டுபவை உண்டு. அவை கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் சிக்கினால் கண்ணாடி முழுக்கக் கீறல்தான். மன்னார் வளைகுடாவில் பவள மணல் உண்மையிலேயே கிடக்கிறது. ஆனால் அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அங்கிருந்து அள்ளியதாக யாராவது விற்றால் வாங்காதீர்கள். அரகோனைட் என்று விற்பதில் சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள். கார்பனேட் நுரைக்கும், குவார்ட்ஸ் பேசாமல் இருக்கும். நுரைப்பது அரகோனைட்டா, கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவமான கால்சைட்டா என்பதை மட்டும் வினிகரால் சொல்ல முடியாது.

உலர் மணலாக வாங்கினால் வாளியில் போட்டு, நீர் ஓரளவு தெளியும்வரை அலசுங்கள். பாக்டீரியாவோடு ஈரமாகப் பொட்டலத்தில் வருவதை அலசக் கூடாது. பாறைகளை முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடியில் அசையாமல் வைத்துவிட்டு, பிறகுதான் சுற்றிலும் மணலைக் கொட்ட வேண்டும். மணல்மேல் பாறையை வைத்தால், துளை தோண்டும் இறாலோ கோபியோ ஒருநாள் அதன் அடியைப் பறித்து மொத்தத்தையும் சரித்துவிடும்.

முதல் சில வாரங்களில் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படரும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது என்பதால் "குவார்ட்ஸ் மணல் போட்டீங்க, அதான்" என்று பழி வரும். குவார்ட்ஸ் தொட்டி நீரில் கரையும் வேகம் மிக மிகக் குறைவு. டயாட்டத்துக்குத் தேவையான சிலிக்கேட்டைப் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. அரகோனைட் போட்ட தொட்டியிலும் அதே படலம் வரும். ஆர்ஓ நீரில் உப்புக் கலந்து மாற்றிக்கொண்டு வந்தால், நத்தைகள் மேய்ந்து பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். அதற்காக மணலை அள்ளி வெளியே கொட்ட வேண்டியதில்லை.