இருட்டைப் பார்த்து அவிழும் மொட்டு

நிஷாகந்தி இன்று பூக்கும் என்று தெரிந்தால் போதும், ராத்திரி எட்டு மணிக்கே தொட்டியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். தொங்கிக்கொண்டிருந்த மொட்டு சில நாள் முன்பே கழுத்தை வளைத்து நிமிர்ந்திருக்கும். முதலில் நுனி லேசாகப் பிளக்கும். வெளிப்புற இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் விலகும். நள்ளிரவில் உள்ளங்கையைவிடப் பெரிய வெள்ளைப் பூ. விடிந்து பார்த்தால் ஈரத்துணிபோலத் துவண்டு கிடக்கும்.

பலர் இதைப் பிரம்ம கமலம் என்கிறார்கள். இமயமலையின் அசல் பிரம்ம கமலம் வேறு செடி. இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. இலை என்று நாம் நினைப்பதுகூடத் தட்டையான தண்டுதான்.

இதழை அசைக்க அதற்குத் தசை கிடையாது. எல்லாம் தண்ணீரின் வேலை. பல பூக்களில், மலரும் நேரம் நெருங்கும்போது இதழில் சேர்த்துவைத்த மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. செல்லுக்குள் சர்க்கரை கூடினால் தண்ணீர் தானாக உள்ளே புகும். இதழின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட வேகமாகப் பெருக்க, இதழ் வெளியே மடங்கி விரிகிறது. எப்போது தொடங்குவது என்பதைச் செடியின் உயிர்க்கடிகாரம் பார்த்துக்கொள்ளும். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது பகல் வெளிச்சமும் இருட்டும்.

சரி, ஊர் தூங்கும்போது யாருக்காக இந்த அலங்காரம்? பருந்து அந்துப்பூச்சிகளுக்காக. பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி, நீளமான உறிஞ்சுகுழலை உள்ளே விட்டுத் தேன் குடிக்கும் பூச்சிகள் அவை. இருட்டில் சிவப்பு, ஊதாவெல்லாம் எடுபடாது. அதனால்தான் இரவுப் பூக்களில் பெரும்பாலானவை வெளிறிய நிறம், தூக்கலான வாசனை.

ஆனால் இந்த விருந்தாளியால் தொல்லையும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்தில் வளரும் ஒரு காட்டுப் புகையிலை, அந்தி சாயும்போது பூத்து அந்துப்பூச்சியை அழைக்கிறது. வந்த பூச்சி தேன் குடிப்பதோடு நிற்காது. இலையில் முட்டையும் வைத்துவிட்டுப் போகும். பொரிக்கும் புழு இலையை மொட்டையடிக்கும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு வேடிக்கையைச் சொன்னார்கள்: புழு கடிக்கத் தொடங்கிய சில நாளில், அந்தச் செடி தன் பூக்களில் பலவற்றை அந்திக்குப் பதில் காலையில் திறக்கிறது. காலைப் பூவில் அந்துப்பூச்சியை இழுக்கும் வாசனை இல்லை. அதைத் தேடி வருவது ஹம்மிங் பறவை. அது இலையில் முட்டை வைக்காது.