செயினுக்கு எண்ணெய், டயருக்குப் பால்

மழைக்காலம் முடிந்து தை பிறந்தவுடன், சென்னையின் தென்பகுதியில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும் சைக்கிள்களில் பெரும்பாலானவை இரண்டு குறைகளுள் ஒன்றைச் சுமந்தே வருகின்றன: செயின் கரகரவென்று அரைபடுகிறது, அல்லது டியூப்லெஸ் டயரில் காற்று நிற்பதில்லை. வேலை முடிந்து சைக்கிளை எடுத்துப் போகும்போது ஏறத்தாழ எல்லோரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "எந்த பிராண்டு வாங்கலாம்?" பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன்: "மாதத்தில் எத்தனை முறை துணியும் கையுமாக இந்தச் சைக்கிள் பக்கத்தில் உட்காருவீர்கள்?" அதற்கு வரும் விடையை வைத்துத்தான் செயினுக்கு எந்த எண்ணெய், டயர் ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவத்தில் எது என்று என்னால் சொல்ல முடியும்.

முதலில் செயினைப் பார்ப்போம். கியர் சைக்கிளின் செயினில் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள் உண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் 'பின்' என்னும் சிறு அச்சும் அதைச் சுற்றியுள்ள ரோலரும் உராயும் மெல்லிய இடுக்குதான் எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம். வெளித் தகடுகளில் பளபளவென்று நிற்கும் எண்ணெயால் செயினுக்கு எந்தப் பயனும் இல்லை. அது சாலைத் தூசியைப் பிடித்துக்கொண்டு சில நாட்களில் கரிய பசையாகிறது, அந்தப் பசை இடுக்குக்குள் இறங்கி அரம் போல் பின்னைத் தேய்க்கிறது. செயின் 'நீண்டுவிட்டது' என்று நாம் சொல்வது இரும்பு இழுபட்டதால் நேர்வதன்று. ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து சேர்ந்த இடைவெளி அது.

சென்ற ஆண்டு ஒரு கணினி நிறுவன ஊழியர், வாரந்தவறாமல் எண்ணெய் விட்டும் கியர் வழுக்குகிறது என்று தம் சைக்கிளைக் கொண்டுவந்தார். வாரந்தவறாமல் விட்டார் என்பது உண்மைதான். ஒருமுறைகூடத் துடைக்கவில்லை என்பதும் உண்மை. துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு ஸ்கேலை வைத்தேன். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம், பின்னின் நடுவிலிருந்து பின்னின் நடுவு வரை, 304.8 மி.மீ. இருக்கும், 11, 12 கியர் கேசட் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு) உள்ளவர்கள் இது சுமார் 1.5 மி.மீ. கூடியதுமே செயினை மாற்றிவிட வேண்டும். அவருடைய செயின் 3 மி.மீ. கூடியிருந்தது. கேசட்டின் பற்கள் சுறாத் துடுப்பு போல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டிருந்தன. அந்தப் பற்களில் புதுச் செயின் உட்காராது என்பதால் செயினோடு கேசட்டையும் சேர்த்து மாற்ற நேர்ந்தது.

இனி எண்ணெய் வகைகள். ஈர வகை எண்ணெய் கெட்டியானது. மழையில் எளிதில் கழுவிப்போகாது, ஆனால் தூசியை அழைத்துக்கொண்டு வரும். உலர் வகையும், துளித்துளியாக விடும் மெழுகு வகையும் நீரிலோ ஆவியாகும் திரவத்திலோ கலந்து வருவன. திரவம் ஆவியான பிறகு மெல்லிய படலமாக எஞ்சி நிற்கும் பொருள்தான் உராய்வைக் குறைக்கிறது. இவற்றில் தூசி அவ்வளவாக ஒட்டாது, ஆனால் ஒரு நல்ல மழையில் பாதி போய்விடும். எனவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை விடியற்காலையில் ஓட்டுபவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதிக்கு மெழுகு வகையையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈர வகையையும் பரிந்துரைக்கிறேன். கடற்காற்றின் உப்பு செயினை விரைவில் துருவேற்றும் என்பதால், கரையோரம் குடியிருப்பவர்கள் ஓட்டாத நாட்களிலும் செயினைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. மாதம் ஒருமுறைகூடத் துடைக்க நேரமில்லாத, அலுவலகத்துக்கு மட்டும் ஓட்டுபவருக்கு மெழுகைச் சொன்னால் அது அவருக்குச் செய்யும் தீமை; சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் வறண்ட செயினில் அவர் ஓட்டிக்கொண்டே இருப்பார். செயின் முழுவதும் மூடிய பழைய வகைக் கறுப்புச் சைக்கிளுக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை, கெட்டியான எந்த நல்ல எண்ணெயும் போதும்.

உருக்கிய மெழுகில் செயினை முக்கி எடுக்கும் முறையைப் பலர் கேட்கிறார்கள். சுத்தத்துக்கும் செயின் நீண்ட நாள் உழைப்பதற்கும் அதைவிடச் சிறந்தது நான் கண்டதில்லை. ஆனால் புதுச் செயினில் தொழிற்சாலையில் பூசிய கிரீஸைத் துளியும் விடாமல் கரைத்தெடுத்த பிறகே மெழுகு பிடிக்கும். மெழுகை அடுப்புத் தீயில் நேரடியாக வைத்து உருக்குவது ஆபத்தானது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மின்பாத்திரம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

எதை விட்டாலும் விடும் முறை ஒன்றுதான். பழைய அழுக்கைத் துடைத்துவிட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே செயினின் உட்பக்கத்தில் ரோலருக்கு ஒரு துளி வீதம் விட வேண்டும். மெழுகு வகையானால் இரவே விட்டுவிட்டுக் காலையில் ஓட்ட வேண்டும். கடைசியில் வெளிப்பக்கம் கையில் கறைபடாத அளவுக்குத் துடைக்க வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் ஸ்பிரே வகையைத் தவிர்ப்பது நல்லது, பிரேக் பிடிக்கும் தட்டான ரோட்டரில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது. டபிள்யூ.டி. 40 பலர் வீட்டில் இருக்கிறது. ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் உருவானது அது. துருப்பிடித்த நட்டைக் கழற்ற அருமையானது, ஆனால் செயினில் அடித்தால் இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்காகும். பைக்கிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலில் இரும்புத் துகளும் கரியும் இருக்கின்றன. அதைச் செயினில் விடுவது மணலை விடுவதற்குச் சமம்.

டியூப்லெஸ் சீலன்ட்டைப் புரிந்துகொள்ளக் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். மரத்தில் வடித்த பால் தானாகவே உறைந்துவிடக்கூடியது. ஆலை சேரும்வரை நீர்மமாக இருக்க அதில் அமோனியா கலப்பார்கள், ஷீட் போட வேண்டுமானால் அமிலம் சேர்த்து உறைய வைப்பார்கள். சைக்கிள் சீலன்ட்டில் பெரும்பாலானவை அதே ரப்பர் பால்தான். அமோனியாவும் உறையாமல் காக்கும் வேறு திரவங்களும், ஓட்டையில் சிக்கி அடைக்கும் நுண்துகள்களும் சேர்ந்திருக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அமோனியாவுடையது. ரிம், டயர் தயாரிப்பாளர்கள் சிலர் அமோனியாவை ஏற்பதில்லை என்பதால் வாரன்டித் தாளைப் படித்துவிட்டு வாங்குங்கள். அவசரத்துக்குக் கரியமில வாயுக் குப்பியால் காற்றடித்தால், அந்த வாயு ஈரத்தில் அமிலத்தன்மை காட்டுவதால், பால் டயருக்குள்ளேயே திரிந்துவிடக்கூடும். வீடு திரும்பியதும் அந்தக் காற்றை இறக்கிவிட்டுப் பம்பால் அடிக்க வேண்டும். வெவ்வேறு நிறுவனச் சீலன்ட்டுகளை ஒன்றாகக் கலப்பதும் இதே விளைவைத் தரலாம்.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. 28 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 மி.லி., 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி., பருத்த மலைச் சைக்கிள் டயருக்கு 100 மி.லி. அளவில் நான் ஊற்றுகிறேன். துகள்கள் அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் டயருக்குள் போவது வெறும் தண்ணீர்ப் பால்தான். சீமைக்கருவேல முள்ளோ நெருஞ்சி முள்ளோ குத்திய சிறு ஓட்டை, அந்த இடம் தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் சில நொடிகளில் அடைபடும். கண்ணாடிச் சில்லு கிழித்த பெரிய ஓட்டைக்குச் சீலன்ட்டை நம்பக் கூடாது. ஓட்டையில் திணித்து அடைக்கும் ரப்பர் பிளக் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். ஸ்கூட்டருக்கென்று விற்கும் பஞ்சர் திரவத்தை மலிவு என்பதற்காகச் சைக்கிளில் ஊற்ற வேண்டாம். மெல்லிய சைக்கிள் டயருக்கும் அதன் காற்றழுத்தத்துக்கும் ஏற்றதாக அது தயாரிக்கப்படவில்லை. 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்து ஞாயிறு மட்டும் ஓட்டுபவருக்கு, என் வருமானத்துக்கு எதிரான பேச்சுதான் என்றாலும், ட்யூபே போதும் என்பேன்.

சீலன்ட் உலர்ந்துபோகும் பொருள். நம் ஊர் வெயிலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வு உள்ளீட்டைக் கழற்றி, மெல்லிய கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு நனைகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். மறந்துவிடாமல் இருக்க, ஊற்றிய தேதியை எழுதி வால்வுக்கு அருகே ரிம்மில் ஒட்டித்தான் அனுப்புகிறோம். போன மாதம் ஒரு சக்கரம் வந்தது. "நீங்கள் ஊற்றிய சீலன்ட் அடைக்கவே இல்லை, அண்ணா" என்றார் உரியவர். சீட்டில் என் கையெழுத்தில் இருந்த தேதிக்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. டயரைப் பிரித்தபோது உள்ளே ஒரு சொட்டுத் திரவம்கூட இல்லை. ரப்பர் பால் முழுவதும் பாலாடை போல் ஒரே தோலாக உரிந்து வந்தது.