ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடம்: எதை யாரிடம் கேட்பது?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல இடங்களில் ஈராசிரியர் பள்ளிதான். முப்பது நாற்பது பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். பிள்ளைகள் குறைவு, அதனால் கிடைப்பதும் குறைவாகத்தான் இருக்கும் என்று பெற்றோர் பலர் தங்களுக்குள்ளேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. பத்தே பிள்ளைகள் இருந்தாலும் கணக்கு இரண்டுதான். ஆனால் வகுப்பு எடுக்காத தனித் தலைமையாசிரியர் என்பது 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான். ஆகவே சின்னப் பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பு எடுப்பார், எமிஸ் எனப்படும் பள்ளி விவர இணையதளப் பதிவும் அவரே செய்வார், கேட்டையும் பல நாள் அவரே திறப்பார். எழுத்தரோ உதவியாளரோ இருக்க வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் நடக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இந்த மூன்றைத் தவிர வேறு எந்த வெளிவேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது. ஒருவர் நீண்ட விடுப்பில் போனால், பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஆள் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதலாம்.

ஒரே அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பாடமே நடக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2022-23இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வகுப்பைவிட நிலைதான் முக்கியம்: அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்றால், அது அரும்பில்தான் இருக்கும். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். ரேங்க் கேட்பதைவிட அதில் விஷயம் இருக்கிறது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். குழப்பம் அதிகம் இங்கேதான். காலை உணவு ஒரு திட்டம், மதியச் சத்துணவு வேறு திட்டம். சமைக்கிற ஆட்களும் வேறு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கிராமங்களில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிண்டி இறக்குவது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்; பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் அம்மா. மதியத்துக்குச் சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பணியிடங்கள். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரம்பாமல் போனதால், அமைப்பாளரே இரண்டு மையங்களைச் சேர்த்துப் பார்ப்பதும், உதவியாளரே அடுப்பைப் பார்ப்பதும் சகஜம். 8,997 சமையல் உதவியாளர்களை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்க 2024 இறுதியில் அரசு ஒப்புதல் கொடுத்தது. விலைவாசிக்கு அந்தத் தொகை எம்மாத்திரம் என்பது வேறு விஷயம்.

மதிய உணவில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் இருக்க வேண்டும் என்பது தேசிய அளவு. தமிழ்நாட்டில் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அதிகம் பேருக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகளின்படி, அரிசி இல்லை, கேஸ் இல்லை, சமைக்க ஆள் வரவில்லை என்று ஒரு நாள் சாப்பாடு நின்றால், அந்த நாளுக்கான தானியமும் சமையல் செலவும் உணவுப் பாதுகாப்புப் படியாக, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்கு வந்தாக வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாளோ, மாதத்தில் ஐந்து நாளோ நின்றுபோனால், யார் பொறுப்பு என்று அரசு விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். அப்படி நிற்காமல் இருக்க, பள்ளியில் இருக்கும் வேறு நிதியைத் தற்காலிகமாக எடுத்துச் செலவழிக்கவும் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு.

கழிப்பறையைக் கழுவும் தூய்மைப் பணியாளர் இன்னொரு கணக்கு. கிராமத்தில் இது ஊரக வளர்ச்சித் துறை வழியாக வருகிறது. ஆக, ஒரே வளாகத்தில் டீச்சர் பள்ளிக் கல்வித் துறை, சத்துணவு சமூக நலத் துறை, துப்புரவு ஊரக வளர்ச்சி. முட்டை வரவில்லை என்று டீச்சரிடம் சண்டை போட்டுப் பயனில்லாமல் போவது இதனால்தான். சத்துணவு, துப்புரவு இரண்டுக்கும் ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள். பாடம், ஆசிரியர் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர்.

ஆனால் தனியாகப் போவதைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு போனால் காகிதத்துக்கு எடை கூடும். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். தமிழ்நாட்டில் தலைவரும் ஒரு பிள்ளையின் அம்மாதான். பள்ளிக்கு வரும் மானியம் எங்கே செலவானது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை, ஆகவே கணக்கு நோட்டைக் கேட்கத் தயங்க வேண்டாம். பேசியதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, கையெழுத்துக்கு முன் வாசித்துப் பாருங்கள். அப்புறமும் நடக்கவில்லையா? சட்டத்தின் 32ஆம் பிரிவைக் குறிப்பிட்டு உள்ளாட்சி அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். போனில் கேட்க வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.