வாயில் குளிர், வயிற்றில் தளர்வு

பெப்பர்மிண்ட் மிட்டாய் ஒன்றைச் சப்பிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள். வெறும் பச்சைத் தண்ணீர்தான், ஆனால் ஐஸ் போட்டதுபோல் ஜில்லென்று இறங்கும். தெர்மாமீட்டர் வைத்தால் ஒரு டிகிரிகூடக் குறைந்திருக்காது.

குளிரை உணர்வதற்கென்றே நம் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் உண்டு. வெப்பநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது திறந்து மூளைக்குத் தகவல் அனுப்பும். பெப்பர்மிண்டில் உள்ள மெந்தால் குளிரே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. 2002-ல் இந்தப் புரதத்தைத் தனித்தனியே அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் வெப்பம், தொடுதல் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மெந்தாலை முகர்ந்ததும் மூக்கடைப்பு விட்டதுபோல் இருப்பதும் இதே வித்தைதான். அடைப்பு அப்படியேதான் இருக்கும், காற்று மட்டும் குளுகுளுவென்று போவதாகத் தோன்றும்.

வயிற்றுக்குள் நடப்பது வேறு, அங்கே நிஜமாகவே வேலை நடக்கிறது. குடல் தசை சுருங்க வேண்டுமானால் அதன் செல்களுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். மெந்தால் அந்த வழியை அடைக்க, இறுகிய தசை தளர்கிறது. ஐபிஎஸ் எனும் குடல் தொந்தரவில் வயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலிக்குப் பெப்பர்மிண்ட் எண்ணெய் ஓரளவு கேட்பது இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், எந்தத் தசையைத் தளர்த்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்தில் சுருக்குப்பை வாய்போல ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். ஆகவே, குடலுக்குப் போனபிறகே கரையும் உறை போட்ட கேப்ஸ்யூலில் எண்ணெயை அடைக்கிறார்கள். அதை மென்றால் போச்சு. ஆன்டாசிட் எனும் அமிலத்தைத் தணிக்கும் மருந்தோடு சேர்த்துப் போட்டாலும் உறை வழியிலேயே கரைந்துவிடும். அடிக்கடி எதுக்களிப்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

இலைத் தேநீர் அவ்வளவு வீரியமில்லை, அதில் இறங்கும் எண்ணெய் கொஞ்சம்தான். பாட்டில் எண்ணெய் அப்படியல்ல. மூலிகைதானே என்று நீர்க்காமல் தோலில் தேய்த்தால் எரிச்சலெடுக்கும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறொன்று. குழந்தைக்குச் சளி என்றதும் பாசத்தில் கை மெந்தால் தைலத்துக்குத்தான் போகிறது. இரண்டு வயது நிரம்பாத பிள்ளையின் முகத்தருகே அதைக் கொண்டுபோகவே கூடாது. நமக்கு மூக்கைத் திறந்துவிட்டதாகத் தோன்றும் அந்த வாசனை, பச்சிளம் குழந்தையின் குரல்வளையைச் சட்டென்று இறுக்கி மூச்சையே நிறுத்திவிடக்கூடும்.