பாலம் இருக்க ரோட்டைக் கடந்தது ஏன்?

அந்த ஆயாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் வலது கையில் ஒரு கடைப் பையின் காது மட்டும் சுற்றியிருந்தது. பையைக் காணோம். ஒரு காலில் செருப்பு இல்லை. இடது தொடை எலும்பு முறிந்து கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. எழுபதைத் தாண்டியவர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் பெரிய சாலை ஒன்றை விடிவதற்கு முன் கடந்தபோது கார் அடித்துவிட்டது.

டர்பனில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் மக்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. ஆயா, தாத்தா, சாமி என்று சில சொற்கள்தான் வீட்டில் தங்கியிருக்கின்றன. அவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார். வலிக்கு மருந்து ஏற்றிக் கொஞ்சம் அமைதியான பிறகு, "பக்கத்திலேயே நடைமேம்பாலம் இருக்கிறதே ஆயா, அதில் ஏறி வந்திருக்கக்கூடாதா?" என்று கேட்டேன். "போன மாதம் அந்தப் பாலத்தில்தானே என் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான்" என்றார். "கார்க்காரன் பார்த்தால் பிரேக் போடுவான், மகளே. கத்தி வைத்திருக்கிறவன் போடுவானா?"

நாகர்கோவிலில் இருந்து இங்கே வந்து 17 ஆண்டுகளாக அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை செய்கிறேன். அந்த விடியற்காலை வரைக்கும் சாலை விபத்து வேறு, வழிப்பறி வேறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் பதிவேட்டிலும் அப்படித்தான், போலீசின் கோப்புகளிலும் அப்படித்தான். ஆயா இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டார்.

தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பேர் சாலையில் சாகிறார்கள். அதில் பத்துக்கு நான்கு பேர் நடந்து போனவர்கள். 'குறுக்கே ஓடினார்கள், அடிபட்டார்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த ஊர்கள் எப்படி அமைந்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தால் மக்களை நிறவாரியாகப் பிரித்து, வேலைக்கும் கடைக்கும் எட்டாத தூரத்தில் குடிவைத்தார்கள். 1960-களில் இந்தியர்களுக்கென்று எழுந்த சாட்ஸ்வொர்த்தும் அப்படிப் பிறந்ததுதான். நடுவே அகலச் சாலை, இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பஸ்ஸும் மினிபஸ் டாக்சியும். கார் இல்லாதவர் தினமும் இரண்டு தடவை கடந்தே ஆக வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 17 மீட்டர் போல வந்துவிடும். முழங்கால் வலிக்காரர் ஒருவரால் அந்த ஒரு நொடியில் ஒரு எட்டு வைக்க முடிந்தால் பெரிது.

எங்கள் பதிவேட்டில் 'இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் திருப்பிப் பார்த்தேன். 'ரோடு', 'சாட்ஸ்வொர்த்', 'பஸ் ஸ்டாப் அருகில்'. எந்த பஸ் ஸ்டாப்? யாரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்டதில்லை. மறுநாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். நோயாளியின் பெயர் கிடையாது. சரியாக எந்த இடம், எத்தனை மணி, விளக்கு இருந்ததா, ஏன் அந்த இடத்தில் கடந்தார், இவ்வளவுதான். முதலில் 'ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது' என்று சலித்துக்கொண்ட இளைய நர்ஸுகள், அப்புறம் என்னைவிடத் துல்லியமாக எழுதினார்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில், அடிதடியில் காயம்பட்டு வருகிறவர்களிடம் சம்பவம் நடந்த இடத்தைக் கேட்டு, பெயரை நீக்கிவிட்டுப் போலீசுக்கும் நகராட்சிக்கும் ஆஸ்பத்திரியே கொடுக்கிற வழக்கத்தை 1990-களிலேயே வளர்த்தெடுத்தார்கள். அங்கே காயம்பட்டு வருகிறவர்களின் எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்தது. அதையே சாலைக் காயத்துக்கும் ஏன் செய்யக்கூடாது?

நோட்டை எடுத்துக்கொண்டு சமூகக் காவல் மன்றத்தின் கூட்டத்துக்குப் போனேன். 1995-ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்தோடும் இப்படி ஒரு மன்றம் இருக்க வேண்டும், பொதுமக்கள் யாரும் வரலாம். நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. அன்றைக்கு ஒரு பக்கம் குற்றப் பிரிவுக்காரர் உட்கார்ந்திருந்தார், இன்னொரு பக்கம் நகரப் போலீசின் போக்குவரத்து அதிகாரி. பாலத்தில் நடந்த வழிப்பறிகள் அவர் கோப்பில் இருந்தன, பாலத்தடியில் அடிபட்டவர்கள் இவர் கோப்பில். இரண்டுமே ஒரே இடம் என்பதை அவர்கள் சேர்த்துப் பார்த்ததில்லை. அவர்களைக் குறை சொல்லி எழுதவில்லை. இரண்டு துறை, இரண்டு கணினி, இரண்டு மேலதிகாரி. சேர்த்து வைத்துப் பார்க்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் எல்லோரும் காலை ஐந்து மணிக்கு அந்தப் பாலத்துக்குப் போனோம். படியடியில் தோள் உயரத்துக்குப் புதர். விளக்குக் கம்பத்தின் மூடி உடைந்து ஒயர் தொங்கியது. படி பாதியில் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தில் ஒருவன் நின்றால் கீழேயிருந்து தெரியாது. எல்லாவற்றையும் விட மோசம், பாலத்தின் பக்கவாட்டை முழுக்க மறைத்துக் கட்டியிருந்த விளம்பரப் பலகை. கீழே நூற்றுக்கணக்கான வண்டிகள் போகின்றன, மேலே என்ன நடந்தாலும் ஒரு கண்ணுக்கும் படாது. நாங்கள் நின்றிருந்த நேரத்தில் கையில் டிபன் பையோடு ஒரு பெண் வந்தார். எங்களைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், கீழே இறங்கி ரோட்டைக் கடந்தார். போக்குவரத்து அதிகாரி ஒரு வார்த்தை பேசவில்லை, தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். ஒரு சனிக்கிழமை கோயில் இளைஞர்களும் பள்ளிவாசல் இளைஞர்களும் சேர்ந்து புதரை வெட்டினார்கள். இந்த நாட்டில் போலீசை விடத் தனியார் காவல் நிறுவனங்களின் ஆட்கள் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வட்டாரத்தில் சுற்றும் ஒரு நிறுவனம், தன் வண்டியை விடியற்காலையிலும் மாலையிலும் படியடியில் நிறுத்த ஒப்புக்கொண்டது. எப்படியும் எங்கேயாவது நிற்கப்போகிற வண்டிதானே. நகரப் போலீஸ் வேகச் சோதனையை அதே நேரத்தில் பாலத்தடிக்கு மாற்றியது. ஒரே நீல விளக்கு, கீழே வேகத்தையும் மேலே திருடனையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது. பாலத்தின் விளக்கைச் சரிசெய்யத்தான் பல மாதம் அலைய வேண்டியிருந்தது. விளம்பரப் பலகை இன்றும் அங்கேயே இருக்கிறது.

இடத்தைச் சரிசெய்வதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், ஃபீல்ட்ஸ் ஹில்லை நினைத்துக்கொள்வேன். 2013 செப்டம்பர் 5 அன்று டர்பனுக்கு அருகே பைன்டவுனில் அந்த மலைச்சாலை இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து வந்த லாரி மினிபஸ் டாக்சிகள் மீது மோதி 24 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் சிறைக்குப் போனார். ஆனால் கனரக லாரிகள் அந்த இறக்கத்தில் வரவே கூடாது என்று தடுத்தது தண்டனையைக் காட்டிலும் பெரிய காரியம். அதேபோல 2018 டிசம்பரில் பாலிட்டோ அருகே என்-2 நெடுஞ்சாலைக்கு மேலே போகும் பாலத்திலிருந்து எறிந்த கல் ஒரு காரில் விழுந்து ஒரு அக்காவும் தம்பியும் இறந்தார்கள். அது விபத்தா, குற்றமா? எந்தத் துறையின் வேலை? பாலத்துக்கு வேலி போடுவதற்கு அந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியும் போலீசும் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன், இது மனதில் முள்ளாகக் கிடக்கிறது. இங்கே ஓட்டுநரின் 100 மில்லி இரத்தத்தில் 0.05 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக்கூடாது, தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. சம்பவம் நடந்து இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்துவிட்டால் சட்டம் வழக்குக்குத் துணை நிற்கும், தாமதித்தால் வாதம் தளர்ந்துவிடும். ஒருமுறை மது வாடை வீசுகிற ஒருவரைப் போலீசார் கூட்டிவந்தார்கள். சீல் வைத்த இரத்தப் பரிசோதனைப் பெட்டி அவர்களிடம் இல்லை. நிலையத்திலிருந்து வரும் என்றார்கள். வந்தபோது காலாவதி ஆகியிருந்தது. வேறு பெட்டி வந்து சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் கடந்துபோயிற்று. அவர் மோதிய பையன் அடுத்த வார்டில் மூச்சுக்குழாயோடு படுத்திருந்தான்.

அதனால் அவசரப் பிரிவில் பூட்டிய அலமாரியில் எப்போதும் இரண்டு பெட்டிகள், தேதி பார்த்து வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் பேசி வாங்கினோம். ஊசி போடும் இடத்தை வழக்கமான ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக்கூடாது, பெட்டியில் இருக்கும் ஆல்கஹால் இல்லாத பஞ்சைத்தான் எடுக்க வேண்டும் என்று புதிதாக வரும் நர்ஸுகளுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பஞ்சுத் துண்டால் ஒரு வழக்கு கெட்டுப்போகும்.

விபத்தைப் பார்த்தால் ஆம்புலன்சுக்கு 10177, போலீசுக்கு 10111, கைப்பேசியில் 112. இடத்தைச் சொல்லும்போது சாலையின் பெயரோடு அருகிலுள்ள பாலம், வெளியேறும் வழியின் எண் எதையாவது சேர்த்துச் சொல்லுங்கள். போலீஸ் அடையாளம் இல்லாத வண்டி நீல விளக்கைப் போட்டு இரவில் நிறுத்தச் சொன்னால், எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, 10111-ஐ அழைத்தபடி பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ வெளிச்சமான பெட்ரோல் பங்குக்கோ ஓட்டுங்கள். போலி போலீஸ் கும்பல்கள் இங்கே நிஜம்.

கோயில் கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். பெரிய வெள்ளியன்று மாரியம்மன் கோயில்களில் கூட்டம் அலைமோதும். ஈஸ்டர் வார இறுதியில் நாடு முழுக்கச் சாலைகளில் நெரிசலும் சாவும் அதிகம். ஆற்றங்கரையிலிருந்து கரகமும் காவடியும் சாலை வழியேதான் வருகின்றன. மஞ்சள் உடை பகலில் பளிச்சென்று தெரியும், இருட்டிய பிறகு ஹெட்லைட் வெளிச்சத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஒளி திருப்பும் பட்டை வைத்த மேலாடையைத் தொண்டர்களுக்கு வாங்கிக் கொடுங்கள். முன்னாலும் கடைசியிலும் நிற்கிறவர் வண்டி வரும் திசையைப் பார்த்து நிற்கட்டும், சாமியைப் பார்த்து அல்ல. நகரப் போலீசிடம் விழாவுக்கு முந்தின நாள் போய் நிற்காமல் பல வாரம் முன்பே பாதை வரைபடத்தைக் கொடுங்கள்.

போன மாதம் அந்த ஆயா வாக்கரைப் பிடித்துக்கொண்டு காலைக் காட்ட வந்தார். "பாலத்தில் லைட் எரிகிறதாமே?" என்று கேட்டார். எரிகிறது என்றேன். பேத்தி இப்போது அதில்தான் பஸ்ஸுக்குப் போகிறாளாம். "நீங்கள்?" என்றேன். வாக்கரைத் தட்டிக் காட்டினார். "இதோடு படி ஏற முடியாதே."

பாலத்துக்குச் சாய்வுப் பாதை கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். வரும் கூட்டத்தில் முதல் பேச்சு அதுதான்.