பொறாமைக்கு முகம் கிடையாது

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் எடுக்கிறாராம். அதில் ஒரு காட்சி: தமையன் ஒரு பெண்ணோடு சிரித்துக் கதைப்பதை, அவளை மனதுக்குள் விரும்புகிற தம்பி விறாந்தையில் நின்று பார்க்கிறான், அவன் முகத்தில் பொறாமை தெரியவேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை எடுத்தும் பார்த்தவர்கள் எல்லாரும் "பெடியனுக்கு வயிற்றுக்குத்தோ?" என்று கேட்கிறார்களாம். நடிப்பில் என்ன பிழை என்பது அவருடைய கேள்வி.

நடித்தவரில் பிழை இல்லை. கோபத்தில் புருவம் இறங்கும், பயத்தில் கண் விரியும், அருவருப்பில் மூக்குச் சுருங்கும், இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். முகபாவங்களை ஆராய்ந்த போல் எக்மன் அடிப்படை உணர்ச்சிகள் என்று முதலில் பட்டியலிட்ட ஆறில் பொறாமை இல்லை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளிலும், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளிலும், இல்லை. நகை, அழுகை, அச்சம், வெகுளி என்று அந்த எட்டும் முடிந்த பிறகு இன்னுமொரு 32 வருகின்றன, அதற்குள்ளேதான் பொறாமை இருக்கிறது. எனக்கு இது சும்மா தற்செயலாகப் படவில்லை. பயப்பட நானும் ஒரு பாம்பும் போதும். பொறாமைக்கு மூன்று பேர் வேண்டும்: நான், நான் விரும்பும் ஆள், இடையில் வந்தவர். மூன்று பேரின் கணக்கை ஒரு முகம் எப்படிக் காட்டும்? கூத்தில் என்றால் பாத்திரமே மேடைக்கு வந்து பாடிச் சொல்லிவிடும். சினிமாவுக்கு வெட்டி ஒட்டுகிற வேலை இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். மொஸ்யூகின் என்ற நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப்புக் கோப்பையோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும் ஒட்டினார், இன்னொரு தடவைக்கு வேறொரு காட்சி. பார்த்தவர்கள் பசியையும் துயரத்தையும் அதே முகத்தில் கண்டு, என்ன நடிப்பு என்று வியந்தார்கள் என்பது கதை. அந்தப் படச்சுருள் இப்போது இல்லை. 1992இல் அமெரிக்காவில் திருப்பிச் செய்து பார்த்தபோது இந்த விளைவு கிடைக்கவில்லை, ஆனால் 2006இல் மூளை ஸ்கானருக்குள் ஆட்களைப் படுக்கவைத்துக் காட்டியபோது, முன்னால் வந்த காட்சியைப் பொறுத்து ஒரே முகத்தை வேறு வேறாக மதிப்பிட்டார்கள். நீங்களே செய்து பார்க்கலாம். நண்பனின் முகத்தைப் போனில் எடுங்கள், பிறகு ஒரு கோப்பை புட்டு, மதிலில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், சிரித்துக் கதைக்கிற ஒரு சோடி, மூன்றோடும் தனித்தனியே ஒட்டுங்கள்.

சரி, தனித்தனியே எடுத்த இரண்டு துண்டுகளை மூளை ஏன் ஒரே இடம், ஒரே நேரம் என்று நம்புகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எல்லாம் கண்ணின் வெள்ளையில் தொடங்குகிறது. 1997இல் கோபயாஷி, கோஷிமா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் பல குரங்கினங்களின் கண்களை மனிதக் கண்ணோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவற்றில் விழியைச் சுற்றியுள்ள பகுதி கருமையாக இருக்கிறது, அதனால் அது எங்கே பார்க்கிறது என்று பிடிப்பது கஷ்டம். எங்களுக்கோ வெள்ளைப் பின்னணியில் கருவிழி, அதுவும் அகலமாகத் திறந்த வெள்ளை. யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது முற்றத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தே தெரியும். ஒரு வயது ஆகும்போது குழந்தை அம்மாவின் பார்வை போகிற பக்கம் தானும் திரும்பும், யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. காதுக்கு மேலே மூளையின் பக்கவாட்டில் ஓடுகிற ஒரு மடிப்பு இந்தப் பார்வைத் திசையைக் கவனிப்பதில் பெரும் பங்கு எடுக்கிறது. ஆகவே திரையில் ஒரு முகம் இடப்பக்கம் பார்த்தவுடனே உங்களுக்குள் 'எதை?' என்ற கேள்வி எழுந்துவிடுகிறது, அடுத்த துண்டு அதற்கு விடையாகிறது, மறுபடி முகம் வரும்போது இரண்டுக்கும் இடையில் என்ன உறவு என்பதை நீங்களே நிரப்பிவிடுகிறீர்கள், ஏனென்றால் அந்த இடத்தில் நின்றால் உங்களுக்கு எப்படி எரியும் என்பது உங்களுக்குத் தெரியும். பொறாமை திரையில் எங்கேயும் இல்லை, கதிரையில் இருக்கிற உங்களிடம்தான் இருக்கிறது. நடிகர் முகத்தைக் கோணினால் நீங்கள் நிரப்பவேண்டிய இடத்தை அவர் அடைத்துவிடுகிறார்.

இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் ஊர்க் கண்ணூறும் எனக்கு விளங்கியது. புது வீட்டுக்குக் குடிபுகுகிறீர்கள், பக்கத்து வீட்டு அன்ரி ஒழுங்கையில் நின்று ஒருமுறை பார்க்கிறார், அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். முகம், வீடு, காய்ச்சல்: மூன்று துண்டு, ஒட்டியது நாங்கள். கண்ணில் இருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை, வெளிச்சம் கண்ணுக்குள்ளே வருகிறது என்பதை இப்னு அல்-ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுவதால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லைத்தானே என்று சிலர் சொல்வார்கள், ஆனால் ஒரு பாவமும் செய்யாத அந்த அன்ரி அன்றிலிருந்து பொறாமைக்காரி ஆகிவிடுகிறார். அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதையெல்லாம் ஆராயப் பெரிய காசு வேண்டும் என்று யாரும் சொல்லவேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் படிப்பிக்கிறார்கள், நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு மேசையில் இருந்தால், ஒரு போனும் ஒரு வகுப்பு மாணவர்களும் போதும், தமிழ்ப் பார்வையாளர்களை வைத்து குலெஷோவின் சோதனையைத் திருப்பிச் செய்யலாம். இப்படிச் சின்ன ஆய்வுகளுக்குச் சின்னத் தொகை ஒதுக்க ஒரு வழி கட்டாயம் வேண்டும்.

கொக்குவில் தம்பிக்கு: முகத்தைத் திரும்ப எடுங்கள். நடிகரிடம் பொறாமை என்ற சொல்லையே எடுக்காமல், படலையைப் பார்த்துக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லச் சொல்லுங்கள். அவர் பார்க்கும் பக்கமும் சோடி நிற்கும் பக்கமும் பொருந்தவேண்டும், அதில் மட்டும் கவனம். முகம், சோடி, மறுபடி முகம். கடைசி முகத்தை முதலாவதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டுவையுங்கள்.