பூச்சி கிளம்பும் வாரங்களில் ஆற்றின் அடியையும் பாருங்கள்

இலையுதிர் காலம் தொடங்கியதும், என்னோடு ஆற்றுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "பூச்சி எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்பதுதான். ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி தெரியும் ஃப்ளையைத் தூண்டில் முள்ளில் கட்டி மீன் பிடிப்பது) வழிகாட்டி என்ற முறையில் அதற்குப் பதில் சொல்வது என் வேலை. ஆனால் கூடவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: இங்கே நிற்கிற டிரவுட் மீன் இரை தேடி வந்ததா, முட்டையிட வந்ததா? வட அரைக்கோளத்து ஆறுகளில் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலில் பூச்சி. இந்தப் பருவத்தின் முக்கியமான ஆள் பேடிஸ் என்ற மேஃப்ளை, நீரடியில் வளர்ந்து மேலே வந்து பறக்கும் பூச்சி. தூண்டில்காரர்கள் புளூ விங்டு ஆலிவ் என்பார்கள். சாம்பல் நிறச் சிறகு, ஆலிவ் பச்சை உடம்பு. வருடத்தில் ஒரு தலைமுறையோடு இது நிற்பதில்லை. இலையுதிர் காலத்தில் வருவது வசந்த காலத்தில் வருவதைவிடப் பொடிசு. அதனால் 18, 20, சில சமயம் 22-ஆம் எண் முள்ளில் கட்டிய ஃப்ளைதான் எடுபடும். (எண் கூடக் கூட முள் சிறுக்கும். புதியவர்கள் கடையில் பெரிய எண்ணை வாங்கிவிட்டு இவ்வளவு சின்னதா என்று திகைப்பது வழக்கம்.)

மழை விட்டதும் ஈசல் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பேடிஸுக்கும் மேகமூட்டமும் தூறலும்தான் பிடிக்கும். கோடையில் விடியலிலும் அந்தியிலும் நடந்த கதை இப்போது மதியத்துக்கு மாறிவிடும். நண்பகல் தாண்டி, நீர் கொஞ்சம் வெதுவெதுப்பாகும் நேரத்தில் ஆரம்பித்து ஓரிரு மணி நேரம் நீடிக்கும். வெயில் அடிக்கிற நாளில் பூச்சி சிறகை உலர்த்திக்கொண்டு சட்டென்று பறந்துவிடும். குளிர்ந்த ஈரக் காற்றில் சிறகு உலரத் தாமதமாகும், அதுவரை அது நீர்மேல் மிதந்தபடியே போகும். டிரவுட்டுக்கு இது அலைச்சல் இல்லாத சாப்பாடு. ஆகவே தூறலைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள்.

பூச்சி மேலே வந்துவிட்டது, மீனும் எழும்புகிறது, ஆனால் உங்கள் ஃப்ளையை மட்டும் சீண்டவில்லை. இந்தப் புகார்தான் எனக்கு அதிகம் வரும். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஃப்ளையின் நிறம் இல்லை, அது மிதக்கும் உயரம். இளம்பூச்சி அடியிலிருந்து நீந்தி வந்து, நீரின் மேல்படலத்தில் தோலைப் பிளந்துகொண்டு வெளியேறப் போராடும் கட்டம் ஒன்று உண்டு. அதற்கு எமெர்ஜர் என்று பெயர். பாதி தோலுக்குள்ளும் பாதி வெளியிலுமாக மாட்டிக்கொண்ட பூச்சியால் தப்பிக்க முடியாது. அது மீனுக்கும் தெரியும். மீன் எழும்பும்போது மூக்கு வெளியே தெரிந்து, ஒரு குமிழியும் மிதந்தால், மேலே மிதக்கும் பூச்சியை எடுத்திருக்கிறது. முதுகும் துடுப்பும் மட்டும் புரண்டு மறைந்தால் எமெர்ஜரைத்தான் எடுக்கிறது. அப்போது உடம்பு நீருக்குள் தொங்குகிற மாதிரி கட்டிய ஃப்ளையைப் போடுங்கள். அப்புறம், நீரோட்டம் லைனை (தூண்டில் கயிற்றை) இழுத்து ஃப்ளையை ஒரு விரற்கடை தூரம் நகர்த்தினாலும் போதும், அந்த மீன் அதைத் தொடாது. இலையுதிர் காலத்தில் நீர் வற்றித் தெளிந்திருப்பதால் லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழையான லீடர் நீளமாக இருப்பது நல்லது.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆறுகளில் அக்டோபர் கேடிஸ் என்ற ஆரஞ்சு நிறப் பெரிய பூச்சியும் வரும். 8 அல்லது 10-ஆம் எண் முள். இது மேகம் மேகமாகக் கிளம்பாது. கரையோரமாக, மாலையில், ஒன்றிரண்டாகத்தான் வரும். ஆற்றின் நடுவிலேயே கண் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

சரி, இப்போது அந்த இரண்டாவது கேள்வி.

ரெயின்போ டிரவுட் பொதுவாக வசந்த காலத்தில் முட்டையிடும். பிரௌன் டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் அப்படியில்லை. அவை இலையுதிர் காலத்தில், நாம் பூச்சியைத் தேடி இறங்கும் அதே வாரங்களில் முட்டையிடுகின்றன. பெண் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து வாலால் சரளைக்கல்லை அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, நீர் வரும் பக்கத்துக் கற்களைத் தள்ளி மூடும். இதை ரெட் என்கிறார்கள். நான் முட்டைக்குழி என்றே சொல்கிறேன். மடு முடிந்து நீர் மேடேறும் இடங்களில், முழங்கால் ஆழச் சரளையில் இவை அதிகம். சுற்றியுள்ள கல்லெல்லாம் பாசி பிடித்துக் கருத்திருக்க, ஒரு இடம் மட்டும் தேய்த்துக் கழுவினாற்போல வெளுத்திருக்கும். நீர் வரும் பக்கம் சின்னப் பள்ளம், நீர் போகும் பக்கம் சின்ன மேடு. முட்டைகள் பெரும்பாலும் அந்த மேட்டுக்கு அடியில்தான். ஆனால் அடுத்த காலடி வைக்க வசதியான இடமாக நம் கண்ணுக்குப் படுவதும் அதே மேடுதான்.

1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முட்டை பொரிக்கும் தறுவாயில் குழியின்மேல் ஒரே ஒரு முறை மனிதர் நடந்தாலே முட்டைகளில் 43 சதவீதம் வரை அழியலாம் என்று தெரியவந்தது. தினமும் நடந்தால் சேதம் இன்னும் அதிகம். இதைப் பார்த்த பிறகு ஆற்றில் இறங்கும் முன் கரையிலேயே சில நிமிடம் நின்று அடியைப் பார்ப்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் இது முடியாது.

ஆழமில்லாச் சரளையில் ஜோடியாக நிற்கும் பெரிய மீன்களைக் கண்டால் கை துறுதுறுக்கும். அவை ஃப்ளையைக் கவ்வவும் செய்யும். ஆனால் பசியால் அல்ல, தன் இடத்தை விட்டு விரட்டுவதற்காகத்தான். வாலிலும் துடுப்பிலும் முள் மாட்டுவதும் சகஜம். முட்டைக்குழிக்குக் கீழே நின்று, அடித்துவரும் முட்டையைத் தின்னும் ரெயின்போவைப் பிடிக்க முட்டை வடிவ ஃப்ளை போடும் பழக்கமும் உண்டு. குழிக்கு வெகு கீழே ஆழமான நீரில் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழியின்மேலேயே வீசுவதை நான் அனுமதிப்பதில்லை. "சட்டம் தடுக்கவில்லையே" என்பார்கள். ஸ்காட்லாந்தில் பிரௌன் டிரவுட் பருவம் அக்டோபர் 6-உடன் முடிந்துவிடுகிறது, அதனால் அங்கே இந்த வாதத்துக்கு இடமில்லை. வருடம் முழுக்கத் திறந்திருக்கும் ஆறுகளில் முடிவு நம் கையில்தான்.

பொடி ஃப்ளைக்கு மெல்லிய டிப்பெட் (லீடரின் நுனி இழை) கட்டுகிறோம். அறுந்துவிடும் என்ற பயத்தில் மீனை நெடுநேரம் ஓடவிடுகிறோம். களைத்த மீனைப் புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடிப்பதுதான் பெரிய கெடுதல். ரெயின்போ டிரவுட்டை வைத்து ஆய்வகத்தில் நடந்த ஒரு சோதனையில், ஓடவிட்டுக் களைப்படைய வைத்த மீன்களில் 12 சதவீதம் இறந்தன. அதன்பின் 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதமும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதமும் இறந்தன. ஆற்றில் எண்கள் இதே அளவில் இருக்க வேண்டியதில்லை, என்றாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. தாங்கும் அளவுக்குத் தடித்த டிப்பெட், எதிர்முள்ளை நசுக்கிய தூண்டில் முள், ரப்பர் வலை, ஈரக் கை. படம் வேண்டுமென்றால் மீன் நீருக்குள் இருக்கும்போதே எடுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் நீர் இன்னும் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன்.

டிசம்பரில் வருகிறவர்கள் முட்டையிடும் காலம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இறங்குவார்கள். பெரிய மீன்கள் போயிருக்கும், முட்டைகள் போயிருக்காது. 5 டிகிரி நீரில் பிரௌன் டிரவுட் முட்டை பொரிக்கக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும். பொரித்த குஞ்சும் மஞ்சள்கருப் பையைக் கரைத்தபடி இன்னும் சில வாரம் கல்லிடுக்கிலேயே கிடக்கும். இதற்குள் குழியின்மேல் பாசி படர்ந்து, வெளுத்த இடம் எது என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே நவம்பரில் பார்த்த குழிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அந்தப் பகுதியைக் கரைவழியாகவே கடந்து, பெரிய பாறைகளோ மணலோ உள்ள இடத்தில் இறங்குங்கள்.